தொட்டியும் தோட்டமும்: வாசகர் கேள்விகள்

வீட்டுப் பொடக்காலியில் 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்துக்கு சிமென்ட் தொட்டி கட்டினோம். பத்து நாள் தண்ணீர் கட்டி வைத்து, அதை மாற்றிவிட்டு இருபது கோல்டு ஃபிஷ் விட்டோம். மூன்றே நாளில் பாதி செத்துவிட்டது. மருந்து ஏதாவது ஊற்றலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

எதையும் ஊற்றாதீர்கள். மீன் எப்போது செத்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விட்ட சில மணி நேரத்திலேயே செத்தால் குழாய்த் தண்ணீரின் குளோரினைச் சந்தேகிக்கலாம். இரண்டு, மூன்று நாளில் என்றால் புது சிமென்டின் சுண்ணாம்பு. இரண்டாவது வாரம் என்றால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. விடியற்காலையில் மட்டும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்று சாகிறது என்றால் பிராணவாயு போதவில்லை.

உங்களுடையது சுண்ணாம்பாகத்தான் இருக்கும். காற்றடிக்காத காலையில் தண்ணீர் மேல் பால் ஏடு மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கிறதா பாருங்கள். பாசி பிடிக்காத புதுச் சுவரை விரலால் தேய்த்தால் சோப்புப் பட்டதுபோல வழுக்கும். தண்ணீர் கட்டியது பூச்சு இறுகத்தான் உதவியது. சுண்ணாம்பு முழுக்க இறங்க அது போதாது.

பிழைத்த மீன்களை பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றுங்கள். தொட்டியைக் காலி செய்து தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். குலை வெட்டிய வாழைமரம் ஒன்றை முழங்கை நீளத் துண்டுகளாக்கிப் போட்டு எட்டிலிருந்து பத்து நாள் ஊற விடுங்கள். அழுகும்போது வரும் அமிலமும் கரியமில வாயுவும் சுண்ணாம்பை முறிக்கும். நாற்றம் அடிக்கும், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பிறகு வடித்து, தேய்த்து, புதுத் தண்ணீர் விட்டு இரண்டு நாள் கழித்து பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) பாருங்கள். அலங்கார மீன் கடையில் சோதனை அட்டை கிடைக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் அதே இரண்டு நாள் வைத்து அதையும் பாருங்கள். தொட்டித் தண்ணீரின் பி.எச். வாளியைவிட அரைப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தால் இன்னொரு சுற்று வாழைத்தண்டு.

உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 2,800 லிட்டர் பிடிக்கும். கேட்க நிறையத் தண்ணீராகத் தெரிந்தாலும், அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நான்கைந்து மீன் போதும். கார்ப்பரேஷன் தண்ணீரை ஒன்றிரண்டு நாள் திறந்த டிரம்மில் வைத்த பிறகே விடுங்கள்.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் குறைகிறது. ஒழுகுகிறதா, ஆவியாகிறதா?
– வாசகர், செட்டிச்சாவடி

ஒரு வாளியில் முக்கால் அளவு தொட்டித் தண்ணீர் எடுத்து, தொட்டிக்குள்ளேயே ஒரு செங்கல் மேல், பாதி மூழ்கியபடி நிறுத்துங்கள். வாளிக்குள் நீர்மட்டத்தில் ஒரு கோடு, தொட்டிச் சுவரில் ஒரு கோடு. மோட்டாரையும் நீரூற்றையும் நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான் குடித்தது. கோடையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் போவது சகஜம். தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கினால் ஒழுகல். நிரப்பாமல் விட்டு, எந்த மட்டத்தில் இறக்கம் நிற்கிறது என்று பாருங்கள். விரிசலோ குழாய் இணைப்போ அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் தாது நிறைந்த பூமியான உங்கள் பக்கம் இன்னொரு தொந்தரவு உண்டு. ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே தங்கிவிடும். போர் தண்ணீரை மேலே மேலே ஊற்றினால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். விளிம்பில் வெள்ளைக் கோடு படிவது அதனால்தான். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை வடித்துத் தென்னைக்கு விட்டுவிட்டு நிரப்புங்கள். முடிந்தால் மாடியில் விழும் மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள், முதல் மழையைத் தவிர்த்து.

அல்லித் தொட்டி பச்சைக் குழம்பாகிவிட்டது. முழுத் தண்ணீரையும் மாற்றினாலும் ஒரே வாரத்தில் பழையபடி.
– வாசகி, கொண்டலாம்பட்டி

முழுக்க மாற்றுவதால்தான் அப்படி. பச்சைக்குக் காரணம் வெயிலும் சத்தும். அல்லியை மண்புழு உரம் கலந்த மண்ணில் வைத்திருந்தால் அங்கிருந்துதான் சத்து கசிகிறது. ஏரி வண்டலோ களிமண்ணோ மட்டும் போட்டு, மேலே ஓர் அங்குலம் கூழாங்கல் பரப்புங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீவனம். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடும் வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். நிழலுக்கென்று வெங்காயத்தாமரையைக் கொண்டுவந்து போடாதீர்கள். பிறகு அதை ஒழிப்பதே தனி வேலை.

சரிவில் தோண்டி ஷீட் விரித்த குளம். மழை பெய்தால் செம்மண் கலங்கல், சில்வர் ஓக் சருகு வேறு. படிகாரம் போட்டால் தெளியுமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

தெளியும், மீனும் போகும். மலையில் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் உப்பு குறைந்த மென்னீர். படிகாரத்தின் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை அதில் இல்லை. சேலத்துக் கடின நீரில் ஒருவர் செய்ததை நீங்கள் செய்ய முடியாது.

மண் வரும் வழியை அடையுங்கள். குளத்தின் மேல்பக்கம் மூன்றடி தள்ளி, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில், இரு பக்கமும் சற்றே சரியும் வாய்க்கால் வெட்டுங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமே கரையாகப் போட்டு மிதித்து, அதில் அரையடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நாற்று நடுங்கள். அடர்ந்துவிட்டால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். ஷீட்டின் ஓரத்தை நிலமட்டத்துக்கு அரையடி மேலே தூக்கிக் கட்டுங்கள். நிரம்பி வழிய 3 அங்குல பி.வி.சி. குழாய், வாயில் வலை. அதன் முனையைக் கீழ்க்கரையில் விடாமல் தள்ளிக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கரையே அரித்துக்கொண்டு போகும். ஷீட்டுக்கு அடியில் ஊற்று கசிந்தால் அது பலூன்போல உப்பும்; அடியில் ஜல்லி போட்டு வடிகுழாய் விட்டிருக்க வேண்டும்.

சருகை மேலே மிதக்கும்போதே வலையால் அள்ளுங்கள். அடியில் அழுகினால் தண்ணீர் டீ நிறமாகும், விடியற்காலைப் பிராணவாயுவும் குறையும்.

தொட்டியில் கப்பி மீன் விட்டும் கொசு குறையவில்லையே?
– வாசகர், அம்மாபேட்டை

தொட்டியை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்: பூந்தொட்டித் தட்டு, சிரட்டை, பழைய டயர், ஃப்ரிட்ஜ் பின்புறத் தட்டு. டெங்கு கொசு முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கப்பி அதிகமாகிவிட்டால் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள், வேண்டியவர்களுக்குக் கொடுங்கள்.