உஸ்தாத்

அன்புள்ள ஐயா,

கன்னங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ராணுவத்தில் நான்கு வருடப் பணிக்கான அக்னிவீர் தேர்வுக்காக ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறான். விடிவதற்கு முன் ஏற்காடு சாலையில் ஓட்டம். பயிற்சியாளர் பைக்கில் பின்னாலேயே வந்து, பிந்துகிறவனைத் தாயை இழுத்துத் திட்டுகிறார். 'ராணுவத்தில் இதைவிடக் கேவலமாகப் பேசுவார்கள், இப்போதே பழகிக்கொள்' என்கிறார். மூன்று வாரமாகத் தம்பிக்குக் கணைக்காலில் வலி. சொன்னால் கோழை என்பார்கள் என்று மறைக்கிறான். அவமானப்படுத்தித்தான் தலைமைப் பண்பை வளர்க்க முடியுமா? நான்கு வருட வேலைக்கு இவ்வளவு பாடு தேவையா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

நான்கு ஆண்டு முடிந்தால் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும் என்பது உங்கள் தம்பிக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கை உங்கள் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். தலைமைப் பண்பும் இப்போது வேண்டாம். அவன் இன்னும் சிப்பாயாகவே ஆகவில்லை. எனக்கு அந்த பைக்கைப் பற்றித்தான் பேச வேண்டும். அடிவாரம் பக்கம் காலை நடை போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது எங்களுக்கு ஏற்காட்டில் முகாம் நடந்தது. மதராஸ் ரெஜிமென்ட்டிலிருந்து வந்த ஒரு ஹவில்தார்தான் எங்கள் உஸ்தாத். ராணுவத்தில் பயிற்றுநரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் போடும் சத்தத்தில் காப்பித் தோட்டத்துக் குருவிகள் எழும்பிப் பறக்கும். தரையில் உருள வைப்பார். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வைப்பார். ஆனால் அணிநடைக் கவாத்தில் எந்த அசைவுக்கும் முதலில் பயான், அதாவது வாய்விளக்கம். கூடவே நமூனா, தானே செய்துகாட்டுவது. அதன் பிறகே எண்ணிக்கை சொல்லி எங்களைச் செய்யவைப்பார். அது அவருடைய தனிப்பட்ட நல்ல குணம் அல்ல, அங்கே கவாத்து சொல்லிக்கொடுக்கும் முறையே அதுதான். தவறு செய்தால், 'இடது முழங்கை வெளியே நிற்கிறது' என்று கத்துவார். முழங்கையைச் சொல்வார், அம்மாவைச் சொல்ல மாட்டார்.

ஒருநாள் குறுக்குப் பாதையில் மலையேற்றம். முதுகுப்பையோடு அவரும் ஏறினார், கடைசிப் பையனுக்கும் பின்னால். அன்றிரவு டார்ச் விளக்கோடு கூடாரம் கூடாரமாக வந்து பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொருவன் பாதத்தையும் கையில் ஏந்திப் பார்த்தார். என் குதிகால் கொப்புளம் உடைந்து கிடந்தது. அதை மறைத்ததற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. 'நாளை நீ விழுந்தால் உன் பையை எவன் சுமப்பான்?' மறுநாள் என்னை ஓடவிடவில்லை; சமையல் கூடாரத்தில் வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார்.

பைக்கில் வருகிறவருக்குக் கடைசிப் பையனின் மூச்சு எப்படிக் கேட்கும்? அவன் எந்தக் காலை இழுக்கிறான் என்று முகப்பு வெளிச்சத்தில் தெரியுமா? கூட ஓட வயது இடம் தரவில்லையா, மைதானத்தில் நிற்கட்டும். ஒவ்வொருவன் காலடியையும் பார்க்கட்டும், நேரத்தைக் குறிக்கட்டும். தேர்வில் ஓட வேண்டியது 1.6 கிலோமீட்டர். அதற்கு ஏன் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலைச் சாலையில் பிள்ளைகளைத் துரத்த வேண்டும்? ராணுவத்தில் கெட்ட வார்த்தையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. ஆனால் அங்கிருந்து வசவை மட்டும் எடுத்துக்கொண்டு நமூனாவை விட்டுவிட்டு வந்தவரை நான் உஸ்தாத் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி உங்களுக்கு. ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால் கணைக்கால் எலும்பில் நுண்ணிய விரிசல் விழக்கூடும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பல நாட்டு ராணுவங்களும் கண்டிருக்கும் காயம் இது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அதன் மேலேயே ஓடினால் எலும்பு முறியவும் கூடும். மூன்று வாரம் அவன் வலியோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்களா? நாளையே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால் வலி எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

போய்வந்த பிறகு அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். வெங்காயம் உரித்த அந்த நாளைப் பற்றி அவனுக்கு இன்னும் நிறையச் சொல்ல வேண்டும்.