வீடியோவுக்கு மிரர்லெஸ் கேமரா: வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

புகைப்படம், வீடியோ இரண்டுக்கும் ஒருசேரப் பயன்படும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு, திருமணங்களையும் ஆவணப்படங்களையும் படம்பிடித்து வரும் ஒருவர் பதிலளிக்கிறார். கேட்டவர்களில் பலர் பானசோனிக் லூமிக்ஸ் எஸ்5 மார்க் 2 வாங்க எண்ணியிருப்பதால், பதில்களும் பெரும்பாலும் அதையொட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: கடையில் அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. குளிரூட்டிய அறையில், சீரான வெளிச்சத்தில், எந்தக் கேமராவும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்திலேயே இயக்கிப் பாருங்கள். முதலில், எந்தெந்தப் பதிவுமுறையில் சென்சாரின் (ஒளியைப் படமாக்கும் சில்லின்) முழு அகலமும் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். எஸ்5 மார்க் 2, 4கே படத்தை வினாடிக்கு 50 அல்லது 60 ஃபிரேம்களில் பதியும்போது சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அப்போது 24 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 36 மி.மீ. லென்ஸைப் போலக் காட்டும். மண மேடைக்கு எதிரே, சுவரில் முதுகு ஒட்ட நிற்பவருக்கு அந்த வேறுபாடு பெரியது.

கேள்வி: ரோலிங் ஷட்டரை அளக்கக் கருவி ஏதும் வேண்டுமா?

வேண்டாம். பழைய சோக் பொருத்திய டியூப்லைட் ஒன்று கிடைத்தால் போதும். இந்தச் சோதனையை நான் எந்தக் கேமராவுக்கும் தவறவிடுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சென்சார் ஒரு ஃபிரேமை ஒரே நொடிப்பொழுதில் படித்துவிடுவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அதற்குள் கேமராவோ எதிரில் உள்ள பொருளோ வேகமாக நகர்ந்தால் நேரான தூண் சாய்ந்து தெரிகிறது. இதுதான் ரோலிங் ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. அதாவது ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லிவினாடி. அந்த வெளிச்சம் மட்டும் விழும் வெள்ளைச் சுவரை ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கும் மேல் வைத்துப் படமெடுத்தால், படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். அடுத்தடுத்த இரு பட்டைகளின் இடைவெளி ஃபிரேமின் உயரத்தில் சரிபாதியாக இருந்தால், அந்தச் சென்சார் ஒரு ஃபிரேமைப் படிக்க 20 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது என்று பொருள். மூன்றில் ஒரு பங்காக இருந்தால் 30 மில்லிவினாடி. எலக்ட்ரானிக் சோக் பொருத்திய விளக்கில் இது பலிக்காது. அது மிக வேகமாகத் துடிப்பதால் இந்த அகலப் பட்டைகள் தோன்றமாட்டா.

20 மில்லிவினாடியை ஒட்டிய அளவு திருமணத்துக்கும் நேர்காணலுக்கும் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. 30-ஐ எட்டினால், கையில் பிடித்து நடந்தபடி எடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். ஒரே கேமராவிலும் பதிவுமுறைக்கேற்ப இந்த அளவு மாறும் என்பதால், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு முறையிலும் தனித்தனியே பாருங்கள்.

கேள்வி: பானசோனிக் கேமராக்களின் ஆட்டோ ஃபோகஸை நம்பலாமா?

இந்த ஐயம் பழைய மாடல்களிலிருந்து வந்தது. முன்பு அந்நிறுவனம் படத்தின் கான்ட்ராஸ்டைச் சார்ந்த முறையையே பின்பற்றியது. வீடியோவில் பின்னணி முன்னும் பின்னும் துடிப்பது பலருக்கு நினைவிருக்கும். 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எஸ்5 மார்க் 2-இல்தான் லூமிக்ஸ் வரிசை முதன்முறையாக ஃபேஸ் டிடெக்ஷனுக்கு (ஃபோகஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று நேரடியாகக் கணிக்கும் முறைக்கு) மாறியது. ஆயினும், ஒருவரை நேராக நடந்துவரச் செய்து பார்ப்பது எளிய தேர்வு. அவர் தலையைத் திருப்பட்டும், மாலை முகத்தைப் பாதி மறைக்கட்டும், இடையே வேறொருவர் குறுக்கே போகட்டும். அதன்பின் ஃபோகஸ் யாரிடம் திரும்புகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று கவனியுங்கள். ஹோமப் புகையில் எல்லாக் கேமராக்களுமே திணறுகின்றன. அங்கே நான் கையாலேயே ஃபோகஸ் வைக்கிறேன்.

கேள்வி: சூடேறி நின்றுவிடும் என்கிறார்களே?

2020-இல் கேனான் ஆர்5 வெளிவந்தபோது, 23 டிகிரி வெப்பத்தில் 8கே பதிவு சுமார் 20 நிமிடமே நீடிக்கும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் அந்த 23 டிகிரிக்கும் எவ்வளவு தொலைவு என்று சொல்லத் தேவையில்லை. எஸ்5 மார்க் 2-இல் உள்ளேயே விசிறி இருக்கிறது. இருந்தாலும், நிழலான மொட்டை மாடியில் நண்பகல் நேரத்தில் ட்ரைபாடில் நிறுத்தி, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, கார்டு நிறையும்வரை ஓடவிடுங்கள். வேறொரு கேமரா, தாலி கட்டுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் என்னைக் கைவிட்டது. இரண்டாவது கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் தப்பினேன்.

கேள்வி: 10-பிட் பதிவு உண்மையிலேயே தேவையா?

லாக் முறையில் (பின்னர் திருத்துவதற்கென்றே வெளிறிய நிறத்தில் பதியும் முறையில்) எடுத்துப் பின்னர் நிறம் திருத்துபவருக்குத் தேவை. 8-பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10-பிட்டில் 1,024 படிகள். மாலை வானத்தை இரண்டிலும் எடுத்து, கணினியில் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். 8-பிட் வானம் படிக்கட்டுபோல உடைவதைக் கண்ணாலேயே காணலாம். எடுத்தபடியே கொடுத்துவிடுபவருக்கு இதனால் பெரிய பயனில்லை. எஸ்5 மார்க் 2-இன் லாக் முறையான வி-லாக்கில் 640, 4,000 என இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) அளவுகள் உண்டு. மங்கிய மண்டபத்தில், 4,000-க்குச் சற்றுக் கீழே எடுத்ததைவிட 4,000-இல் எடுத்த படம் தெளிவாக இருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: எந்த மெமரி கார்டு?

பதிவின் வேகம் வினாடிக்கு 200 மெகாபிட் என்றால், அது 25 மெகாபைட். வி30 கார்டு குறைந்தது 30 மெகாபைட் வேகத்துக்கு உறுதி தருவதால் கணக்குப்படி போதும். நான் வி60 வாங்குவேன். 200 மெகாபிட் வேகத்தில் 64 ஜிபி கார்டு ஏறத்தாழ 42 நிமிடத்தில் நிறையும்.

கேள்வி: ஒலியை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் பயன்படுத்தும் மைக்கையே இணைத்து, அமைதியான அறையில் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்ஃபோனில் இரைச்சலைக் கேளுங்கள். பிறகு நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் இடத்தில், தானியங்கி ஒலி அளவை அணைத்துவிட்டுப் பதியுங்கள். கெட்டிமேளத்தின்போது மீட்டர் சிவப்பைத் தொடாதபடி அளவைக் குறைத்து வைத்தபின், அதே அளவில் ஐயர் சொல்லும் மந்திரம் இரைச்சலில் மூழ்காமல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால், தனி ரெக்கார்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.