பசிபிக் தீவான நவூருவில் ஜெர்மன் ஆட்சி தொடங்கியது 1886-இல் என்று ஒரு நூலும் 1888-இல் என்று இன்னொரு நூலும் சொல்கின்றன. எதைப் போடுவது?

1888 என்றே போடுங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்றுதான் தீவில் ஜெர்மன் கொடி ஏறியது.

உங்கள் இரண்டு நூல்களும் முரண்படுவதற்குக் காரணம் அனேகமாக இதுதான்: 1886 ஏப்ரலில் பிரிட்டனும் ஜெர்மனியும் பெர்லினில் உட்கார்ந்து மேற்குப் பசிபிக்கைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. நவூரு ஜெர்மனி பக்கம் விழுந்தது. தீவு மக்களை யாரும் கேட்கவில்லை. அங்கே 1878-இல் மூண்ட குலச்சண்டை துப்பாக்கிகளோடு நடந்துகொண்டே இருந்தது. 1888-இல் ஏபர் என்ற போர்க்கப்பல் வந்து, குலத்தலைவர்களைப் பிடித்துவைத்து, ஆயுதங்களை ஒப்படைக்கச் செய்த பிறகே ஓய்ந்தது. மக்கள் வாழ்க்கை மாறிய ஆண்டைத்தான் ஆட்சித் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1886 என்று சொல்லும் பக்கத்தை மறுபடி பாருங்கள். ஒப்பந்தம், எல்லைக்கோடு என்று மட்டும் இருந்து, கப்பலும் ஆயுதப் பறிமுதலும் இல்லையென்றால் அது காகிதப் பிரிவினையைத்தான் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதே குழப்பம் 1919, 1920-இலும் வரும். 1919-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் நவூருவை ஆள்வது பற்றித் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. ஐ.நா.வுக்கு முன்னிருந்த நாடுகளின் சங்கம் தீவை ஆள ஆணை வழங்கியது 1920 டிசம்பரில். 1798-ஐயும் காலனி ஆட்சிப் பத்தியில் சேர்க்காதீர்கள். கேப்டன் ஜான் ஃபியர்ன் தீவைக் கண்டு 'இனிய தீவு' என்று பெயரிட்டுக் கடந்துபோனார். கரை இறங்கவே இல்லை.