மைதானத்து வெயிலும் அருங்காட்சியகத்துக் கண்ணாடியும்: கமராக் கேள்வி பதில்

நான் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. சனி ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு மைதான ஓரத்தில் நிற்பேன்; மழை என்றால் யாழ்ப்பாணம் நாவலர் வீதி அருங்காட்சியகத்தில். படிப்பு இடையில் நடக்கிறது. கையில் இருப்பது ஒரு பழைய கனன், அதோடு வந்த 18-55 லென்ஸ், பாவித்த நிலையில் வாங்கிய 70-300, ஒரு 50 (எல்லாம் மில்லிமீற்றர்). இதைச் சொல்லிவிட்டால் "என்ன கமரா அண்ணை?" என்ற பாதிக் கேள்விகள் முடிந்துவிடும். மிச்சத்துக்கு வருவோம்.

வடக்கின் பெருஞ்சமர் துடுப்பாட்டத்துக்கு முதல் தடவையாகக் கமராவோடு போகிறேன். 70-300 போதுமா? எங்கே நிற்பது? (வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி)

போதும். எல்லைக் கோட்டில் நின்று 300 இல் பிடித்தால் துடுப்பாட்ட வீரர் படத்தின் பாதி உயரத்துக்கு வருவார். மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம்.

நிற்கும் இடம்தான் பெரிய விடயம். ஆடுகளத்தைப் பொதுவாக வடக்குத் தெற்காகத்தான் போடுவார்கள், வெயில் யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது என்று. அதனால் மத்தியானத்துக்குப் பிறகு மேற்குப் பக்கம் நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகிலிருந்து போய் வீரரின் முகத்தில் விழும். காலையில் கிழக்கு. இதைத் தெரியாமல் முதல் வருடம் நான் நிழல் கிடைத்த இடத்தில் போய் இருந்தேன். அன்று எடுத்த படங்களில் எல்லோரும் தொப்பிக்குக் கீழே கறுப்பு.

அடுத்தது பின்னணி. வீரரைப் பார்க்க முதல் அவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். நிறுத்தி வைத்த வான், வெள்ளைக் கூடாரம் எல்லாம் படத்தைக் கெடுக்கும். கொடியும் கூட்டமும் வந்தால் தூக்கிவிடும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 இல் தொடங்கிய போட்டி இது. ஆட்டம் மூன்று நாள் நடந்தாலும் பாதிக் கதை மைதானத்துக்கு வெளியேதான் நடக்கும். விக்கெட் விழுந்தால் ஒரு நொடி வீரர்களை எடுங்கள், உடனே திரும்பிக் கூட்டத்தை எடுங்கள். மேளம் அடிக்கிற பெடியனின் வாய் திறந்திருக்கும் அந்தப் படம்தான் பத்து வருடத்துக்குப் பிறகும் பார்க்கப்படும்.

ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். துடுப்பில் பந்து படும் இடம் வேண்டுமென்றால் 1/2000.

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் வெள்ளை ரீசேட் எல்லாம் வெளிறிப்போகிறது, முகம் கறுப்பாக வருகிறது. (சுன்னாகம், உயர்தர மாணவி)

தங்கச்சி, குற்றம் கமராவில் இல்லை, பன்னிரண்டு மணியில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் போட்டிகள் நடக்கும்போது வெயில் தலைக்கு மேல் ஏறிக்கொண்டே வரும். ஏப்ரல் நடுவில் நேர் உச்சிக்கே வந்துவிடும். ரோவில் (RAW, கமரா பதப்படுத்தாத கோப்பு) எடுங்கள். வெளிச்ச அளவை ஒரு படியில் மூன்றில் இரண்டு பங்கு (-2/3) குறைத்து வையுங்கள்: வெள்ளை தப்பும், முகத்தைப் பிறகு கணினியில் தூக்கலாம். போன வெள்ளை திரும்பி வராது.

இல்ல அலங்காரங்களைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். நடுவர்கள் வந்து பார்த்த பிறகு ஆட்கள் உள்ளே புகுந்து செல்ஃபி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அஞ்சலோட்டமும் கோலூன்றிப் பாய்தலும் ஒருநாளும் சரியாக வருவதில்லை. (கோண்டாவில்)

அஞ்சலோட்டத்தில் எல்லோரும் முடிவுக் கோட்டுக்கு ஓடுவார்கள். நீங்கள் கோல் மாற்றும் இடத்துக்குப் போங்கள். 4x100 இல் அது 30 மீற்றர் நீளம். அதைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால், ஓடுபாதைக்கு வெளியே முழந்தாளில் இருந்தால் இரண்டு முகமும் உங்களை நோக்கி வரும். கொடுப்பவர் கத்துவார், வாங்குபவர் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவார். ஃபோகஸ் வாங்குபவரில்.

கோலூன்றிப் பாய்தல் உண்மையில் சுலபம், யாரும் நம்புவதில்லை. குறுக்குத் தடிக்கு மேலே ஏறும் இடத்தில் ஆள் கிட்டத்தட்ட நின்றுவிடுவார், 1/500 கூடப் போதும். தடியில் முதலே ஃபோகஸ் பண்ணி, அதை மானுவலில் பூட்டிவிடுங்கள். பின்னால் வானம் என்பதால் வெளிச்ச அளவை ஒரு படி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிழலுருவம்தான். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்த விளையாட்டு. எங்கள் பக்கப் படக்காரர்களுக்கு இது கைவராவிட்டால் வெட்கம்.

ஒரு விடயம் எனக்காகவும் சொல்கிறேன். முந்திய இரவு உள்ளரங்கில் கரப்பந்தாட்டம் எடுத்த ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 6400 ஐ மாற்றாமல், அடுத்த நாள் காலை முழுவதும் ஓட்டப்போட்டி எடுத்திருக்கிறேன். முந்நூறு படம், எல்லாம் மணல் தூவியது போல. இப்போது கமராவை மூடும்போதே 200 க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பையில் வைப்பேன்.

அருங்காட்சியகத்துக்குள் எடுத்த படங்களில் குறுக்கே கோடு கோடாக விழுகிறது. கமரா பழுதா? (திருநெல்வேலி)

பழுதில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. 1/400 இல் எடுத்தால் அந்த மங்கல் கோடாக விழும். 1/100 அல்லது 1/50 இல் வையுங்கள். சிலை ஓடாதுதானே. கை ஆடினால் முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டு முடித்த இடத்தில் அழுத்துங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை எடுத்தால் என் முகமும் வருகிறது. (அதே ஆள்)

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், பகிடி இல்லை. லென்ஸில் ரப்பர் வளையம் மாட்டிக் கண்ணாடிக்கு மிக நெருக்கமாக வைத்தால் தெறிப்பு வர இடமே இல்லை. அழுத்த வேண்டாம், காவலாளிக்குப் பிடிக்காது. தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டுமென்றால் போலரைசர் (தெறிப்பைக் குறைக்கும் வடிகட்டி) உதவும், ஆனால் நேரே நின்றால் அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 55 பாகை அளவு சரிந்து நிற்க வேண்டும். அதை வாங்க முதல் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும், அதுவும் இலவசம்.

அருங்காட்சியகத்தில் கந்தரோடைப் புத்தர் சிலைகளை எடுத்தேன். நேரில் பார்த்த அழகு படத்தில் இல்லை, மாவுக்கட்டி போல இருக்கிறது. (கலைப்பீட மாணவி)

முன்னால் இருந்து வெளிச்சம் விழுந்தால் கல் தட்டையாகத்தான் தெரியும். கந்தரோடைப் புத்தர் உடற்பகுதிகளுக்குத் தலை இல்லை, கை இல்லை. இருப்பது தோளில் வழியும் சீவரத்தின் (துறவி ஆடையின்) மடிப்பும் காலம் அரித்த புள்ளிகளும்தான். அவை தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் உரசிப் போக வேண்டும். யன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வராமல் தோளுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி நில்லுங்கள். நான் ஒரே சிலைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறேன். வெளியே முகில் விலகியதும் மார்புக்குக் குறுக்கே ஒரு மடிப்பு மெல்ல எழும்பி வந்தது; அதுவரை அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

பழக வேண்டுமென்றால் வாசலில் இருக்கும் கோட்டைப் பீரங்கிகளில் தொடங்குங்கள். துருவுக்கு வெயில் எப்படி விழுந்தாலும் அழகு.

பிளாஷ் வேண்டாம். முக்காலி என்றால் முதலே கேளுங்கள். சும்மா எடுப்பதற்கும் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது; கேட்டால், உள்ளே இருப்பவரே கூட வந்து எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவார்.

ஓவியக் கண்காட்சியில் எடுத்த படங்களை என் பக்கத்தில் போடலாமா? (மானிப்பாய்)

ஓவியரைக் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் உரிமை அவர் பக்கம். கண்காட்சியின் சூழலை, ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்பதை எடுத்தால் அது உங்கள் படமாகவும் இருக்கும்.

ஓவியத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் 50 ஐப் போடுங்கள், 18 இல் விளிம்பு வளையும். கமராவின் உயரம் ஓவியத்தின் நடுவுக்கு. எண்ணெய் வர்ணம் பளபளத்தால் வெளிச்சம் இரண்டு பக்கமும் 45 பாகையில் வர வேண்டும்.

விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளை எடுத்துப் போடுவதில் பிரச்சினை வருமா? (ஆசிரியை, சாவகச்சேரி)

வரும் ரீச்சர், வரவும் வேண்டும். பாடசாலை அனுமதி இல்லாமல் நான் எடுப்பதில்லை. பெண் பிள்ளைகளின் கிட்டப் படங்களை அவர்களும் வீட்டாரும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியே விடுவேன். விழுந்து அழுகிற படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்குத்தான் கொடுப்பேன்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, அண்ணை. (பெயர் வேண்டாம் என்றவர்)

சரி, அப்படியென்றால் துடுப்பாட்டத்தை விடுங்கள், விரலால் சூம் பண்ணினால் பிக்சல்தான் மிஞ்சும். கயிறிழுத்தலுக்குப் போங்கள். கயிற்றின் நுனியிலிருந்து மூன்று அடியில் குந்தி இருந்து, கடைசி ஆளின் குதிக்கால் மண்ணில் புதைவதை எடுங்கள். என் 300 லென்ஸோடு அவ்வளவு கிட்டப் போனால் ஃபோகஸே விழாது.