பெருமந்தக் காலத்து அமெரிக்க நிவாரண வேலைகளால் சின்ன ஊர்களுக்கு ஏதாவது மிஞ்சியதா?

கேள்வி இதுதான்: “1930-களில் வேலையில்லாதவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த நிவாரண வேலையெல்லாம் குழியைத் தோண்டி அதே குழியை மூடிய கதைதான் என்கிறார்களே, உண்மையா? சின்ன ஊர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?”

நான் இருப்பது ஓக்லஹோமா மாநிலத்தில், சாண்ட்லருக்கு அக்கம்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வந்த புதிதில் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போவேன். ஒருநாள் அவன் நடைபாதையில் குனிந்து பார்த்துவிட்டு, “அப்பா, டபிள்யூ.பி.ஏ.ன்னா யாரு? ஊரெல்லாம் பேர் எழுதி வச்சிருக்காரு?” என்று கேட்டான். சிமென்ட் ஈரமாக இருந்தபோதே அச்சு வைத்து அழுத்திய எழுத்து; கீழே 1938 என்று ஆண்டு. எனக்கும் தெரியவில்லை. ஏதோ கான்ட்ராக்டர் பெயராக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

கான்ட்ராக்டர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கி, ஹாரி ஹாப்கின்ஸ் என்ற அதிகாரியின் பொறுப்பில் விட்ட நிவாரண வேலைத்திட்டத்தின் பெயர் அது: ஒர்க்ஸ் ப்ராக்ரஸ் அட்மினிஸ்ட்ரேஷன். 1943-ல் மூடுவதற்குள் மொத்தம் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் 1933-லேயே இளைஞர்களுக்கென்று, காடு வளர்ப்பது, பூங்கா அமைப்பது போன்ற வேலைகளுக்காக, சி.சி.சி. என்ற திட்டம் வந்துவிட்டது. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். கான்ட்ராக்டர் வைத்துப் பெரிய கட்டடம் கட்டிய பி.டபிள்யூ.ஏ. வேறு. ஊர்க்காரர்கள் இது எல்லாவற்றையும் சேர்த்து டபிள்யூ.பி.ஏ. என்றுதான் சொல்வார்கள். பழைய கல் கட்டடம் எதைக் காட்டினாலும் அதே பதில்.

ஓக்லஹோமா அப்போது இருந்த இருப்பைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. 1929-ல் ஒரு ராத்தல் பருத்தி சுமார் 17 சென்ட். 1931-ல் 6 சென்ட்டுக்கும் கீழே. அதோடு மழையும் பொய்த்தது. மேற்குப் பக்கம் உழுது போட்ட மண்ணெல்லாம் புழுதியாகக் கிளம்பியது. வரி கட்ட ஆளில்லாத ஊராட்சியால் தெருவிளக்குக்கே செலவு செய்ய முடியாது, அப்புறம் எங்கே பள்ளிக்கூடம் கட்டுவது?

இனி குழி விஷயம். இந்தத் திட்டத்தில் வாஷிங்டனிலிருந்து யாரும் வந்து “இங்கே ஒரு பாலம் கட்டு” என்று சொல்லவில்லை. ஊரோ, பள்ளி வாரியமோ, கவுன்டியோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) எங்களுக்கு இது வேண்டும் என்று வரைபடத்தோடு மனு போட வேண்டும். இடம் அவர்களுடையது. பொருள் செலவில் ஒரு பங்கும் அவர்கள் தலையில். கூலியை மத்திய அரசு கொடுக்கும். ஆக, தேவையில்லாத குழியைத் தோண்டுவதானால் ஊர் தன் கைக்காசைப் போட்டுத்தான் தோண்ட வேண்டும். அசட்டு வேலைகளும் நடக்காமல் இல்லை. ஆனால் கடைத்தெருவில் கடன் சொல்லி அரிசி பருப்பு வாங்கும் நிலையில் இருந்த ஊர்கள் பெரும்பாலும் உருப்படியானதைத்தான் கேட்டன: நடைபாதை, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம்.

பணத்தில் பெரும்பங்கு கூலியாகப் போக வேண்டும், பொருளுக்குக் குறைவாக ஆக வேண்டும் என்பதுதான் கணக்கு. இயந்திரம் வைத்து ஒரு வாரத்தில் முடிப்பதை நாற்பது பேர் ஆறு மாதம் செய்தால்தான் நாற்பது அடுப்பு எரியும். இரும்பும் செங்கல்லும் வெளியூரிலிருந்து விலைக்கு வர வேண்டும். பக்கத்துக் காட்டில் மணற்கல் சும்மா கிடக்கிறது. உடைத்து, வண்டியில் ஏற்றி, செதுக்கி, அடுக்குவதற்கு ஆள்தான் வேண்டும். ஓக்லஹோமாவின் சின்ன ஊர்களில் கோட்டை மாதிரிக் கல் கட்டடங்கள் நிற்பதற்குக் காரணம் இந்தக் கூலிக் கணக்கு. யாருடைய அழகுணர்ச்சியும் இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. நான் கட்டடப் பொறியாளன் என்பதால் சுவரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, தடவிப் பார்ப்பேன். தரையை ஒட்டிய நாலைந்து வரிசையில் கல் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கிறது. இடையில் இரண்டு விரல் கனத்துக்குக் கலவையை அப்பியிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் இணைப்பு மெலிகிறது. தலைக்கு மேலே போனால் வரிசை மட்டம் பிசகாமல் ஓடுகிறது, கல்லின் முகத்தில் உளி கொத்திய தடம்கூட ஒரே சாய்வில் விழுந்திருக்கிறது. மூலைக்கல் மட்டும் அடியிலிருந்தே சுத்தம். அது மேஸ்திரி வைத்ததாக இருக்க வேண்டும். மற்றவர்கள் பருத்தி எடுத்த கைக்காரர்கள், தொழிலை அந்தச் சுவரிலேயே பழகியிருக்கிறார்கள்.

சாண்ட்லரில் இருக்கும் ஆர்மரியும் அப்படித்தான். நேஷனல் கார்டு என்ற மாநிலத்துப் பகுதிநேரப் படையின் பிரிவு பயிற்சி எடுப்பதற்கான பெரிய கூடம், உள்ளூர் மணற்கல்லில் கட்டியது. பிரையன் நோலன் என்ற கட்டடக் கலைஞர் ஏறக்குறைய ஒரே மாதிரியான வரைபடத்தை வைத்து மாநிலம் முழுக்க ஐம்பது ஊர்களுக்குப் பக்கமாகக் கட்ட வைத்தார். 1940 செப்டம்பரில் இந்த நேஷனல் கார்டு ஆட்கள் இருந்த 45-ஆம் டிவிஷனை மத்திய அரசின் முழுநேரப் படையில் சேர்த்தபோது, இந்தக் கூடங்களிலிருந்துதான் பையன்கள் கிளம்பினார்கள். சாண்ட்லர் கட்டடம் பல வருடம் பாழடைந்து கிடந்து, இப்போது ரூட் 66 நெடுஞ்சாலைக்கான காட்சியகமாக இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் விட்டுப்போகும்: கக்கூஸ். நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். கிராமத்து வீடுகளில் கொல்லைப்புறத்தில் நாலு பலகையை நட்டு, குழிக்கு மூடிகூட இல்லாமல் வைத்திருந்த காலம். டைபாய்டும் கொக்கிப்புழுவும் சர்வசாதாரணம். வீட்டுக்காரர் பொருள் செலவைக் கொடுத்தால் ஆட்கள் வந்து சிமென்ட் தளம் போட்டு, ஈ நுழையாத மூடி வைத்து, காற்றுப்போக்கியோடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை ஊக்குவித்த ஜனாதிபதியின் மனைவி பெயரால் அதற்கு ‘எலினோர்’ என்றே பட்டப்பெயர். எலினோருக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார்களாம்! இதற்கு யாரும் கல்வெட்டு வைக்கவில்லை, புகைப்படப் புத்தகங்களிலும் இடம் கிடைப்பது அபூர்வம். என்னைக் கேட்டால் இதே திட்டத்தில் மலைமேல் கட்டிய விடுதிகளைவிட இதுதான் பெரிய வேலை.

தபால் நிலையச் சுவரோவியங்களையும் எல்லோரும் டபிள்யூ.பி.ஏ. கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அவை கருவூலத் துறையின் தனிப்பிரிவு ஒன்று வரையச் சொன்னவை. ஏழ்மையைப் பார்த்து அல்ல, தகுதியைப் பார்த்து ஓவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அனடார்கோ ஊருக்குப் போனால் பாருங்கள். கயோவா பழங்குடியைச் சேர்ந்த ஸ்டீபன் மோபோப் தன் மக்களின் வாழ்க்கையைப் பதினாறு ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார். தபால்தலை வாங்கப் போனவன் அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

சரி, குறையும் நிறைய. கூலி இடத்துக்கு இடம் வேறு. மாதம் 19 டாலரிலிருந்து 94 வரை, அந்தப் பத்தொன்பது தெற்கத்திக் கிராமங்களில். கறுப்பினத்தவர் கொத்துவேலை தெரிந்தவராக இருந்தாலும் பல இடங்களில் மண்வெட்டிதான் கொடுத்தார்கள். பொதுப்பணத்தில் கட்டிய நீச்சல்குளங்களில் பலவற்றில் அவர்கள் இறங்கக்கூடாது. குடும்பத்துக்கு ஒருவர்தான் வேலைக்குப் போகலாம். அதுவும் பெரும்பாலும் அதிகாரி வீட்டுக்கு வந்து ‘உண்மையிலேயே கதியில்லையா’ என்று பார்த்துச் சான்று கொடுத்த பிறகு. 1939-ல் வந்த சட்டத்தில் 18 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்திவிடு என்று ஒரு விதி வேறு.

கிண்டலுக்கும் பஞ்சமில்லை. மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறவன் என்பதுதான் அன்றைய கேலிச்சித்திரம். அந்த மூன்று எழுத்துக்கே ‘நாங்கள் ஆடி அசைந்து நகர்வோம்’ என்று விரிவு சொன்னார்கள். நம்மூரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்ட மாதிரி இருக்கும்.

எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கல் சுமந்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். ஆனால் வீட்டில் டபிள்யூ.பி.ஏ. என்ற பெயரைச் சொல்லவே மாட்டாராம். “கவுன்டி வேலைக்குப் போறேன்” என்றுதான் கிளம்புவாராம். பாட்டிக்கே அவர் இறந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது, டிரங்குப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தபோது.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் தெரு நடைபாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். அச்சு இருந்த அந்த ஒரு பலகையை மட்டும் சுற்றி அறுத்து அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மட்டத்தைக் கவனிக்கவில்லை, புதுசு அரை அங்குலம் உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் 1938-ல் தண்ணீர் நிற்கிறது.