அக்காவின் நீலப் பூ வெள்ளவத்தையில் பூக்குமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் அக்கா, வெயில் படும் வேலியோரத்தில் நீலக் கோர்ன்பிளவர் வைத்திருக்கிறார். ஒருமுறை நட்டது, வருஷா வருஷம் தானே துளிர்க்கிறதாம். லீவுக்கு வரும்போது வேரோடு ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லவா? எங்கள் மதிலோரத்தில் நாள் முழுக்க நல்ல வெயில். அப்புறம், அக்காவுடைய செடி பூத்து முடிந்ததும் சாய்ந்து, இலையெல்லாம் வெள்ளையாகிறதாம். என்ன செய்யலாம்?
- வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: கொண்டுவரச் சொல்லாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடியோ வேரோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது, 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரி, முறையாகவே கொண்டுவந்தாலும் வெள்ளவத்தையில் அது தாக்குப்பிடிக்காது. சென்டோரியா மொன்டானா என்ற இந்தச் செடி ஐரோப்பிய மலைப் புல்வெளிகளுக்குரியது; குளிர்காலத்தில் மேலே எல்லாம் பட்டுப்போய், மண்ணுக்குள் வேர் மட்டும் ஓய்ந்து கிடந்து, வசந்தத்தில் எழும்பும். கொழும்பில் இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஓய்வுக்கு எங்கே போவது? போதாததற்கு மே மாதம் மழை பிடித்தால் ஈரத்தில் வேர் அழுகிவிடும். வெயில் உங்களிடம் தாராளம், இல்லாதது குளிர்தான்.

அக்காவுக்குச் சொல்லுங்கள்: பூ முடிந்தவுடன் இரக்கம் பார்க்காமல் தண்டுகளை அடியோடு நறுக்கட்டும். புது இலை வரும், கோடை முடிவதற்குள் இன்னொரு தடவை கொஞ்சம் பூக்கவும் கூடும், அந்த வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த இலையும் போய்விடும். உரத்தை அள்ளிப் போட்டால் தண்டு நீண்டு சாயத்தான் செய்யும். சில வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பிப் பிரித்து நட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளும். பிடுங்கும்போது விடுபட்ட வேர்த்துண்டுகூட முளைக்கிற சாதி அது. அடுத்த முறை மொட்டைக் கிட்டப் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: செதில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மை தீட்டினதுபோல் கறுப்பு. எனக்குப் பூவைவிட அதுதான் பிடிக்கும்.

உங்கள் மதிலோரத்துக்கு நீலம்தான் வேண்டுமென்றால் பிளம்பேகோ வையுங்கள், அவ்வப்போது வெட்டிவிட்டால் புதுக் கிளையில் பூத்துக்கொண்டே இருக்கும். சங்குப்பூவைக் கம்பியில் ஏற்றிவிடலாம். மதிலடியில் தாழ்வாகப் படர, விஷ்ணுகிராந்தியின் இனமான எவொல்வியுலஸ் போதும். தண்ணீர் தேங்காத மண்ணாக இருந்தால் சரி. ஒரே குறை, எவொல்வியுலஸ் பூ காலையில் விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும், பின்னேரம் வருகிற விருந்தாளிகளுக்குக் காட்ட முடியாது.