தனிம அட்டவணை மறந்து மறந்து போகிறதா? பதினாறு சீட்டுகளில் தொடங்குங்கள்

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு, தமிழ் வழி. தனிம வரிசை அட்டவணையை ஒவ்வொரு தேர்வுக்கும் மனப்பாடம் செய்கிறாள், தேர்வு முடிந்த பத்தாவது நாள் பாதி மறந்துவிடுகிறது. புரிந்து படிக்க இணையத்தில் எதைப் பார்க்கலாம்? அட்டவணையைக் கண்டுபிடித்த வரலாறும் அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அதில் நேரம் போனால் மதிப்பெண் குறையுமோ என்று எனக்குப் பயம். வீட்டில் ஒரு மொபைல்தான் இருக்கிறது. காசு கட்டி ஆப் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். தனிம அட்டவணையைப் பொறுத்தவரை வரலாறுதான் பாடம். இந்த அட்டவணை ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்கு விடையே, அதை யார் எந்தக் குழப்பத்தில் எப்படி அடுக்கினார்கள் என்பதுதான். அது தெரியாமல் 118 பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் பத்தாவது நாள் மறக்கத்தான் செய்யும், அதில் உங்கள் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மொபைலைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை. பழைய காலண்டர் அட்டையைப் பதினாறு சீட்டாக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் 20 தனிமங்களில் ஹைட்ரஜன், ஹீலியம், நியான், ஆர்கான் நான்கையும் ஒதுக்கிவிட்டால் லித்தியம் முதல் கால்சியம் வரை பதினாறு இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் பெயர், அணு நிறை, அதோடு அது எத்தனை ஹைட்ரஜனோடு சேரும் என்ற எண், இந்த மூன்று மட்டும். பிறகு அணு நிறை ஏறும் வரிசையில் அடுக்கட்டும். ஹைட்ரஜன் எண்ணிக்கை 1, 2, 3, 4, 3, 2, 1 என்று ஏறி இறங்கி, சோடியத்தில் மறுபடி 1 என்று தொடங்கும். அந்த இடத்தில் வரிசையை மடக்கிக் கீழே வைத்தால் லித்தியத்துக்கு நேர் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம் வந்து உட்காரும். தொகுதி என்றால் என்ன என்பதை அவளே தன் கையால் கண்டுபிடித்திருப்பாள், இதை எந்த வீடியோவும் தர முடியாது.

இப்போது வரலாற்றுக்கு வரலாம். எட்டாவது சீட்டு முதல் சீட்டைப் போலவே நடந்துகொள்வதை 1865-இல் லண்டனில் ஜான் நியூலாண்ட்ஸ் கவனித்தார். ச ரி க ம ப த நி முடிந்து எட்டாவதாக மேல் ச வருவது போல என்று இசையோடு ஒப்பிட்டார். அடுத்த ஆண்டு வேதியியல் சங்கக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். கால்சியத்தைத் தாண்டியதும் எட்டுக்கு ஒன்று என்ற அவருடைய எண்ம விதி உடைந்துவிடுகிறது என்பது உண்மைதான், ஆனால் அடிப்படையில் அவர் பார்த்தது சரி. 1887-இல்தான் அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தார்கள்.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் தன் அட்டவணையை வெளியிட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63 மட்டுமே. அவருடைய துணிச்சல் எதில் என்றால், பொருந்தாத இடத்தில் கட்டாயமாக எதையும் திணிக்காமல் கட்டத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் குணங்களை 1871-இல் முன்கூட்டியே எழுதியதில். அலுமினியத்துக்குக் கீழே வர வேண்டியதற்கு ஏக-அலுமினியம் என்று பெயர் வைத்தார், நம் ஏகாதசியில் வரும் அதே சமஸ்கிருத ஏக. 1875-இல் பிரான்ஸில் லெகோக் த புவாபோத்ரான் அதே தனிமத்தை, அதாவது காலியத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவ் அந்தத் தனிமத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனாலும் அது 6-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள், 5.9 வந்தது. எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது.

சரி, சீட்டாட்டம் முடிந்த பிறகு இணையம். நான் முதலில் சொல்வது பி-டேபிள் என்ற தளம். 1997 முதல் இருக்கிறது, இலவசம், மொபைலிலும் நன்றாகத் திறக்கும். அதில் வெப்பநிலையை நகர்த்தும் வசதி இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு 308 கெல்வின், அதாவது 35 டிகிரி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாதரசம், புரோமினோடு சீசியமும் காலியமும் திரவமாகியிருக்கும். அப்புறம் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி நடத்தும் அட்டவணை. ஒவ்வொரு தனிமத்துக்கும் கண்டுபிடித்த ஆண்டு, வரலாறு, பயன், கூடவே சில நிமிடங்களில் கேட்டுவிடக்கூடிய ஒலிப்பதிவு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். இதை வைத்து ஒரு பயிற்சி: தாளில் வெற்று அட்டவணை வரைந்து, 1869-க்குப் பிறகு கண்டுபிடித்தவற்றை மட்டும் பென்சிலால் நிரப்பட்டும். மந்த வாயுக்களின் 18-ஆம் தொகுதி முழுவதும் பென்சிலாகவே இருப்பதைப் பார்த்தவுடன், சீட்டுக் கட்டில் அவற்றை ஏன் ஒதுக்கச் சொன்னேன் என்பது விளங்கிவிடும்.

அப்போது ஆர்கானுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். 1894-இல் கண்டுபிடித்தது, அணு நிறை 39.9. பொட்டாசியமோ 39.1. நிறைப்படி வைத்தால் ஆர்கான் பொட்டாசியத்துக்குப் பின்னால் போய் தொகுதியே குலைந்துவிடும். டெலூரியம், அயோடினிலும் இதே சிக்கல்தான். இதை 1913-இல் எக்ஸ்-கதிர்களை வைத்து ஹென்றி மோஸ்லி தீர்த்தார், வரிசையை முடிவு செய்வது அணு எண், நிறை இல்லை. இரண்டே ஆண்டில், 27 வயதில், கலிபோலி போர்முனையில் இறந்துபோனார். இந்தக் கதையைப் படித்தவள் நவீன ஆவர்த்தன விதியைத் தேர்வில் தவறாக எழுத மாட்டாள்.

வீடியோ என்றால் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பீரியாடிக் வீடியோஸ். 2008-இல் தொடங்கியது, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வீடியோ உண்டு. ஆங்கிலம் வேகமாக இருந்தால் வசனத்தை எழுத்தில் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதற்கு மேல் போனால் அது வெறும் வேடிக்கை. வேதியியலாளர்களின் வாழ்க்கையை ஆழமாகப் படிக்க அமெரிக்காவின் சயின்ஸ் ஹிஸ்டரி இன்ஸ்டிட்யூட் தளம், மெண்டலீவையும், அதே காலத்தில் தனியாக ஓர் அட்டவணை அமைத்த லோதர் மேயரையும் பற்றி அங்கே நல்ல கட்டுரை இருக்கிறது. தமிழில் தேடும்போது தனிம வரிசை அட்டவணை, ஆவர்த்தன அட்டவணை என்று இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள், இலங்கை ஆசிரியர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள், அவர்களுடைய குறிப்புகள் அருமையாக இருக்கும்.

ஒரு தளத்தை நம்பலாமா என்று பார்க்க ஒரு எளிய சோதனை, 113, 115, 117, 118-ஆம் கட்டங்களைப் பாருங்கள். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் என்ற பெயர்கள் 2016-இல் உறுதியாகிவிட்டன. இன்னும் அங்கே அன்-அன் என்று தொடங்கும் தற்காலிகப் பெயர் கிடந்தால் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் பல வருடம் ஆகிறது என்று அர்த்தம். வரலாற்றுப் பக்கங்களில் வேறு விதத் தப்பு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். கிரகணத்தை அவர் குண்டூரிலிருந்து பார்த்தது உண்மை, ஆனால் சூரிய ஒளியின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்துடையது இல்லை, ஏதோ புதிய தனிமம் என்று எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்து வானியலாளர் லாக்யர். பூமியில் அதைப் பிரித்தெடுத்தது 1895-இல் வேதியியலாளர் ராம்சே. அவரோடு சேர்ந்து 1898-இல் நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் கண்டுபிடித்த டிராவர்ஸ்தான் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக வந்தார், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மாறும்.

தேர்வு விஷயத்தில் ஒரே எச்சரிக்கைதான். அணு ஆரம், எலக்ட்ரான் கவர்தன்மை போன்ற எண்கள் தளத்துக்குத் தளம் மாறும், ஏனென்றால் ஒருவர் சகப்பிணைப்பு ஆரத்தைக் கொடுப்பார், இன்னொருவர் உலோக ஆரத்தைக் கொடுப்பார், கவர்தன்மைக்கும் பல அளவுகோல்கள் உண்டு. விடைத்தாளில் எழுத வேண்டியது பாடப்புத்தகத்தில் இருக்கும் மதிப்பு. தளத்திலிருந்து அவள் எடுத்துக்கொள்ள வேண்டியது எந்தப் பக்கம் போனால் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்பதை.

ஆப் எதுவும் வாங்க வேண்டாம். தனிமங்களின் பெயரை உறுதி செய்யும் பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயூபாக் தளத்தில் அட்டவணையை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து அவள் படிக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவிடுங்கள், மொபைல் உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் அவளுக்கு அது போதும்.